பஸ் வந்தால் ஒரு வயது

என் வீட்டுக்காரர் அந்த ஒரே ஆண்டில் நான்கு வயது கூடுதலாக மூத்தார். நானும்தான். எங்கள் மலையூர் ஷிங்ரியில் இருக்கிற எல்லா வீட்டு மனிதர்களும், கோவேறு கழுதைகளும்கூட. எல்லாவற்றுக்கும் காரணம் ஜிக்மெத்தின் வாய்.

ஜிக்மெத், வெளிநாட்டுக்காரர்களை லே நகரத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து மலை காட்டுகிறவன். ஜூன் தொடக்கத்தில் ஊர்த்தலைவர் இஷே வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தான்.

"இஷே அச்சோ, வர்றவங்க எல்லாரும் லோசரைத்தான் பார்க்கணும்னு என் உயிரை வாங்குறாங்க."

"லோசர் வருஷப் பிறப்பு. டிசம்பர்ல வரும். அப்ப கூட்டிட்டு வா" என்றார் இஷே.

"டிசம்பர்ல கணவாய் பனியில மூடிடும், பஸ் எப்படி வரும்? நீங்கதான் லோசரைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்கணும். விளக்கு, மாவு ஆடு, தீப்பந்தம். ஒரு சாயங்காலக் கூத்து."

"அவங்க கேட்டா சூரியனையும் மேற்கால உதிக்க வைப்பியா?" என்று கேட்டேன். பார்லி வறுக்க இஷேயின் மனைவிக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். எனக்கு வாய் அடங்காது. ஊருக்கே தெரியும்.

"யாங்சன் ஆச்சே, உங்களை யாரும் ஆடச் சொல்லலையே" என்றான் ஜிக்மெத். எங்கள் பேச்சில் அச்சோ என்றால் அண்ணன், ஆச்சே என்றால் அக்கா.

இஷேவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லி வராது. எங்கள் பார்லிக் கள்ளான சாங் மூன்றாவது கிண்ணம் உள்ளே போனதும் சரி என்றுவிட்டார்.

பஸ் வந்தது. வெயிலில் தோல் உரிந்த இருபது பேர் இறங்கினார்கள். நாங்கள் பனிக்கால அங்கியையும் ரோமத் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வேர்த்து வழிந்தோம். அலமாரிகளில் விளக்கேற்றி, மாவால் செய்த காட்டாட்டை அடுப்புக்கு மேலே வைத்து, இருட்டத் தொடங்கியதும் தீப்பந்தம் சுழற்றி, போன ஆண்டின் பீடைகளை ஊர் எல்லைக்கு வெளியே விரட்டினோம். வந்தவர்கள் படமாக எடுத்துத் தள்ளினார்கள்.

மறுநாள் காலை ஓன்போ உர்கெய்ன் வந்தார். நாள், கிரகம் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். முகம் சரியில்லை.

"நேத்து தெய்வங்களைக் கூப்பிட்டோம். அவங்களும் வந்துட்டாங்க. இது வேடிக்கைக்குன்னு அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? வருஷம் பிறந்தது பிறந்ததுதான். எல்லாருக்கும் ஒரு வயசு கூடியாச்சு."

எங்களில் பிறந்த நாளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? லோசர் வந்தால் எல்லோருக்கும் ஒரு வயது, அவ்வளவுதான் கணக்கு. ஆகவே ஓன்போ சொன்னதில் யாரும் குற்றம் காணவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் பிறந்தபோது இந்த ஓன்போவின் தகப்பனார் சொல்லியிருந்தார்: இவனுக்கு நாற்பத்தொன்பதாம் வயதில் பெரிய கண்டம். தாண்டினால் கவலையில்லை, தாண்டுவதுதான் கஷ்டம். அதே மனிதர்தான் என் மாமனாருக்கு அறுபத்தொன்று என்று சொன்னவர். மாமனார் அறுபத்தொன்றில் கழுதை மேலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அது ஒன்றும் உயரமான கழுதைகூட இல்லை.

முந்தின டிசம்பர் லோசரில் என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தாறு ஆகியிருந்தது. ஜூன் பஸ்ஸில் நாற்பத்தேழு. ஜூலையில் இன்னொரு பஸ் வந்தது, நாற்பத்தெட்டு.

ஊர் இதற்குள் தலைகீழாகியிருந்தது. இஷேயின் மகள் குன்சஸுக்கு ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். அவளைவிட ஒரு வயது மூத்தவன். அவன் ஊருக்குப் பஸ் போகாது. இரண்டே மாதத்தில் இவள் அவனுக்கு அக்கா ஆகிவிட்டாள். அந்தப் பையன் மூட்டை முடிச்சோடு எங்கள் ஊருக்கு வந்து, அடுத்தடுத்த பஸ்களுக்காகக் காத்துக் கிடந்தான். "நீ ஒரு வயசு ஏறினா அவளும்தானேடா ஏறுவா" என்றேன். "அப்ப அவளை எங்க ஊருக்கு அனுப்புங்க, ஆச்சே" என்றான். குன்சஸை அக்கரையில் அவன் வீட்டில் விட்டோம். அவன் இங்கே உட்கார்ந்து அவசரமாக மூத்துக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் சாகத் தயாரானார். நல்ல மண்வெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். பூட்ஸை என் தம்பிக்குக் கொடுத்தார். எங்கள் மாட்டுக் கொட்டகையின் உத்தரம் உளுத்துப் போயிருந்தது. வாய்க்கால் ஓரமாய் நாலு பாப்லர் மரம் வைக்கலாம் என்று வசந்தத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாப்லர் உத்தரம் ஆக பதினஞ்சு வருஷம் ஆகும். யாருக்கு வைக்கறது?"

"எனக்கு வைங்க. நான் இருப்பேன்ல?"

"நீ இருப்ப. உன்னைக் கொண்டுபோக எமனுக்கே தைரியம் வராது."

ஆகஸ்டில் மூன்றாவது பஸ் வருகிறது என்று தெரிந்ததும், பாலத்துக்கு நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பஸ் நின்றது. எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் திட்டினேன். ஜிக்மெத் இறங்கி வந்து, விருந்தாளிகளிடம் அவர்கள் மொழியில் என்னவோ சொன்னான். அவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெண் என் கழுத்தில் வெள்ளைத் துண்டைப் போட்டாள்.

"என்னடா சொன்ன?"

"லோசருக்கு முன்னாடி ஒரு பொம்பளை வழிமறிச்சுத் திட்டறது இந்த ஊர் வழக்கம்னு சொன்னேன். ரொம்பப் பிடிச்சுப்போச்சு, ஆச்சே. அடுத்த தடவையும் இதே மாதிரி பண்ணுங்க."

அன்று மாலை என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தொன்பது ஆனது.

அதன்பிறகு அவரைக் கூரைமேல் ஏறவிடவில்லை. எருமைபோல வளர்ந்த எங்கள் காளைப் பக்கம் போகவிடவில்லை. ஆப்ரிகாட் பழத்தைக் கொட்டை எடுத்துத்தான் கையில் கொடுத்தேன். கண்டம் இதற்கெல்லாம் அசருமா? செப்டம்பர் கடைசியில் காய்ச்சல் வந்தது. நெஞ்சுச் சளி வேறு. கணவாய்க்குக் கீழேயிருந்து நர்ஸ் வந்து ஊசி போட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். காய்ச்சல் இறங்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்டம் நாற்பத்தொன்பதில்தானே. ஐம்பது ஆகிவிட்டால்? டிசம்பர் லோசருக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது, அதுவரை இந்த மனிதர் தாங்க மாட்டார். எந்தப் பஸ்ஸை மறித்தேனோ அதே பஸ் இப்போது எனக்கு வேண்டும்.

ஜிக்மெத்துக்குப் போன் போடச் சொன்னேன். "சீசன் முடிஞ்சுது, ஆச்சே. கணவாய்ல பனி விழ ஆரம்பிச்சாச்சு" என்றான்.

ஓன்போவிடம் ஓடினேன். "விருந்தாளி வேண்டாம். நாமளே இன்னிக்கு ஒரு லோசர் கொண்டாடிக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். "நமக்காகக் கொண்டாடுற லோசர் டிசம்பர்லதான். விருந்தாளிக்காகக் கொண்டாடுறது விருந்தாளி வந்தாத்தான். யாரும் பார்க்காம நாமளா ஆடினா அது பொய் லோசர் ஆயிடும், யாங்சன்."

"எத்தனை விருந்தாளி வேணும்?"

பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ஒருத்தன் இருந்தாலும் விருந்தாளிதான்."

என் தம்பியின் கழுதையை அவிழ்த்துக்கொண்டு கணவாய்ச் சாலைக்குப் போனேன். தெய்வம் கண் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். திருப்பத்தில் ஒரு வெள்ளைக்காரன், செயின் அறுந்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி வேறு. என்ன கேட்டேன், என்ன சொன்னான் என்று இருவருக்கும் புரியவில்லை. தூக்கிக் கழுதைமேல் போட்டேன். வாழ்க்கையில் எந்த ஆணையும் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஊர் மொத்தமும் கூடிவிட்டது. சலித்துப்போயிருந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். அங்கி மாட்டினார்கள், விளக்கேற்றினார்கள், மாவு ஆடு பிடித்தார்கள். அந்த வெள்ளைக்காரப் பையனை என் வீட்டு வாசலில் கம்பளிமேல் சாய்த்து உட்கார வைத்தோம். உள்ளே என் வீட்டுக்காரர் அனத்துவது கேட்டது. தீப்பந்தம் சுழன்றது, மேளம் அடித்தது. திரும்பிப் பார்த்தால் பையன் தூங்கிவிட்டான்.

ஓன்போ மேளத்தை நிறுத்தச் சொன்னார். "பார்க்கலையே. பார்த்தாத்தானே கணக்கு?"

"ஒரு கண்ணு திறந்துதான் இருக்கு" என்றார் இஷே. குனிந்து பார்த்துவிட்டு, "இல்லை, மூடிட்டான்" என்றார்.

பூண்டு சூப்பைக் கொண்டுவந்து அவன் வாயில் ஊற்றினேன். கன்னத்தைத் தட்டினேன். "பாருடா ராசா, ஒரே ஒரு தடவை பாரு. என் புருஷன் உள்ளே கிடக்கறார்" என்று எங்கள் மொழியிலேயே கெஞ்சினேன். ஊரின் முன்னால் அழுதேன். அதுவரை நான் அழுது யாரும் பார்த்ததில்லை.

பையன் கண்ணைத் திறந்தான். முப்பது தீப்பந்தங்களும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. பயந்திருப்பான். ஆனாலும் கை தானாகப் பைக்குள் போனது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தான். மறுபடி சரிந்து தூங்கிவிட்டான்.

"படம் எடுத்துட்டான்" என்றார் ஓன்போ. "வருஷம் பிறந்தாச்சு."

குன்சஸின் மாப்பிள்ளை, மறுபடி அவளைவிட ஒரு வயது மூத்தவனாகி, துள்ளிக் குதித்து அக்கரைக்கு ஓடினான். நான் உள்ளே போய், "உங்களுக்கு அம்பது" என்று அவர் காதில் சொன்னேன். அவர் திரும்பிப் படுத்தார். "நிஜமாவா? பார்த்தானா?" என்று கேட்டார். விடிவதற்குள் உடம்பு வேர்த்து, காய்ச்சல் விட்டது. மாத்திரையா, லோசரா என்று நான் யாரிடமும் விவாதம் செய்யப் போவதில்லை.

நான்கு நாள் கழித்து வாய்க்கால் பக்கம் மண்ணைக் கொத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சண்டை போட்டு மண்வெட்டியைத் திரும்ப வாங்கியிருந்தார். கிளை வெட்டிவந்து வரிசையாக பாப்லர் நட்டுக்கொண்டிருந்தார். தரை பாதி உறைந்திருந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஜிக்மெத் வருஷத்துக்கு அஞ்சு பஸ் கொண்டு வந்தான்னு வை. மூணே வருஷத்துல உத்தரம் ஆயிடும். மரத்துக்கும் வயசு ஏறும்ல?"

அக்டோபர் குளிரில் வைத்த கிளை ஒன்றுகூடப் பிழைக்காது. இது எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்குச் சொல்ல நாக்கு வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு குடத்தை எடுத்துப் போய், அவர் நட்ட ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன்.