ஒரு கதை இரிக்கி

1.

“என்ட பேரப் போடுங்க காக்கா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று பஸ்மினாவுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லப்பட்டிருந்தது. கல்முனையில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில், ஜப்பான் கார்ட்டூன்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போடும் ஹமீடின் அலுவலகம். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; அவள் ஹமீடை அப்படித்தான் கூப்பிடுவாள். [சப்டைட்டில் போட்டவளின் பெயர் திரையில் வராது. அந்த விதியின் மேல் வந்த எரிச்சலில்தான் இதை எழுதத் தொடங்கினேன். உன்னதமான காரணம் எதுவும் இல்லை.]

அவள் தோளில் ஒரு பை. கனம். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

2.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

“கல்முனைக் கடலில் சூரியன் மெல்ல—”

வேண்டாம். சூரியன் அதன்பாட்டுக்கு உதிக்கட்டும்.

“குடும்பத்தின் முதல் பட்டதாரியான பஸ்மினா—”

இதுவும் வேண்டாம். பட்டத்தை வைத்து என்ன செய்தாய் என்று ஊரே அவளைக் கேட்கிறது. நீங்களும் கேட்க வேண்டுமா? சரி, பதில்: கார்ட்டூன் பார்த்துப் பார்த்து ஜப்பான் மொழி படித்தாள். சோதனை எடுத்தாள். பாஸ்.

3.

பிரச்சினை ஒரு தொடரின் கடைசி அத்தியாயம். கடலோரத்தில் நூடில்ஸ் கடை வைத்திருக்கும் தகப்பன். மேடையில் ஆடிப்பாடும் பெண்கள் குழுவில் சேர மகள் டோக்கியோவுக்குப் போய்விடுகிறாள். அன்றோடு அவன் அவளோடு வாய் திறப்பதில்லை. முடிவில் மகள் தோற்றுத் திரும்பி வாசலில் நிற்கிறாள். அவன் கதவைத் திறந்து சொல்வது: “ஹனாஷி கா அரு.”

ஜப்பான்காரருக்கு ‘அரு’ என்றால் இருக்கிறது, ‘ஹனாஷி’ என்றால் கதை. வாயால் கதைப்பதும் அதுதான். எங்கள் ஊரிலும் ‘கதை’ அப்படித்தான். பஸ்மினா யோசிக்கக்கூட இல்லை. “வா, ஒரு கதை இரிக்கி” என்று போட்டாள்.

ஹமீட் அதை “வா, பேச வேண்டும்” என்று திருத்தினார்.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் பேசுவது என்றால் ஏசுவதும்தான்.]

திருத்தியதைப் பஸ்மினாவின் போனில் பார்த்த அவள் தங்கை சுல்பிகா விம்மினாள். “இத்தன நாளைக்குப் பொறகு பேசுறதுக்கா ராத்தா கூப்பிடுறாரு? அந்தப் புள்ள திரும்பிப் போயிரணும்.”

4.

ஹமீட் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுகம். “அவரது கண்களில் ஒரு குரூர—” அழித்துவிட்டேன். அவர் கண்ணில் தூக்கம்தான் இருந்தது.

“பொம்புளப்புள்ளட பேர் கார்ட்டூன்ல ஓடினா ஊர் என்ன சொல்லும்?”

“ஜப்பான்ல ரெண்டு படத்துக்கு நடுவுல வாற படத்துக்குக் கோடு கீறினவன்ட பேரும் ஓடுது காக்கா. அவன்ட ஊர் ஒண்டும் சொல்லல்ல.”

“உனக்கு வாய் கூடிப்போச்சு.”

“வாய்தானே இஞ்ச வேல.”

ஹமீட் பிளேன்டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

“சரி, பேரப் போடுறன். ஆனா ‘பேச வேண்டும்’ அப்படியே இரிக்கட்டும். ‘கதை இரிக்கி’ எண்டா இந்தியாவில இதப் பாக்கிற ஆருக்கு விளங்கும்?”

“‘பேச வேண்டும்’ எண்டு என்ட தங்கச்சிக்கே பிழையா விளங்கிச்சு.”

“உன்ட தங்கச்சிக்கா நாம படம் போடுறம்?”

5.

இங்கே இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் பெயரை எடுத்துக்கொண்டு சொல்லை விடுகிறாள். அவள் உம்மா படத்தை நிறுத்தி நிறுத்தி அந்தப் பெயரைப் பார்க்கிறார். மற்றதில் ஹமீட் மனம் மாறுகிறார். (இதை நானே நம்பவில்லை.) பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத—

பஸ்மினா காத்திருக்கவில்லை.

“அந்தச் சொல்லுக்குக் கீழ என்ட பேர் வேணாம் காக்கா. நான் போறன்.”

மேசையிலிருந்து எடுக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அகராதி, ஹெட்போன், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பெயரைக் கேட்பதற்கு முன்பே பைக்குள் போயிருந்தன.

பாதிப் படி இறங்கியபோது மேலிருந்து ஹமீட் கூப்பிட்டார்.

“ஓய், பஸ்மினா! கோவிக்காம மேல வா புள்ள. ஒரு கதை இரிக்கி!”

[தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியதா? அதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.]

அவளுக்கு விளங்கியது. சிரிப்பும் வந்தது. கீழே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கி நடந்தாள்.