கட்டிங் மாஸ்டர் வெட்டிய கண்ணாடி

திருப்பூர் வேலம்பாளையத்தில் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரரான பழனிமுத்து, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவில் ஒரு விரற்கடை உயரமானார். இத்தனை வருடமாகத் தலை இடிக்காமல் நுழைந்த தன் வீட்டு நிலைப்படியில் அன்று நெற்றியை இடித்துக்கொண்டார். சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. அவர் மனைவி வள்ளியாத்தாளுக்கு வளையல் கையோடு இறுகிக்கொண்டது. கூட நின்றிருந்த கோழி மறுநாள் இட்ட முட்டை, முட்டை அட்டைக் குழியில் உட்காரவில்லை. மூவரையும் அன்று காலை படம் பிடித்தவர், அவருடைய லைன் வீட்டில் குடியிருந்த தவசி. அந்தக் கேமராவில் பிலிம்கூடக் கிடையாது. வாங்கிப் போடும்வரை சும்மா பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவசி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். துணியைக் குறைத்து வெட்டிவிட்டான் என்ற பேச்சை இதுவரை வாங்கியதில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம். மனைவி முத்துப்பேச்சி சோறு போடும்போதெல்லாம் தொட்டுக்கொள்ள அதையும் வைத்துக்கொள்வார். பல்லடத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அவருக்கு அந்தக் கேமரா சிக்கியது. முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால், உள்ளே ஒரு மங்கல் கண்ணாடியில் எதிரே நிற்பவரின் உருவம் விழ வேண்டும். அந்தக் கண்ணாடி மட்டும் இல்லை. கம்பெனியில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை உண்டு. அதன் மங்கல் கண்ணாடி உடைந்து மூலையில் கிடந்ததில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினார். போட்டோவுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுகிற கருவியை இரவல் வாங்கினார். அளந்தார், கோடு போட்டார். கோட்டின்மேல் வெட்ட வேண்டியதுதானே? வெட்டவில்லை. பனியன் துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவார்கள். கை அதற்கே பழகிவிட்டது. கண்ணாடிக்கும் நாலு பக்கமும் ஷ்ரிங்கேஜுக்கு விட்டு வெட்டினார்.

“கண்ணாடி எந்த ஊர்ல தொவைச்சுச் சுருங்கிச்சு?” என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

“கெடக்கட்டும் பேச்சி. கூட இருந்தா கொறைச்சுக்கிடலாம். கொறைஞ்சு போச்சுன்னா ஒட்டவா முடியும்?” என்றார் தவசி. கண்ணாடி கேமராவின் சட்டத்துக்குள் இறங்க மறுத்து மேலேயே உட்கார்ந்தது. ஜட்டிக்குத் தைக்கிற எலாஸ்டிக்கால் அதை இழுத்துக் கட்டினார்.

உயரமானதில் பழனிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கணியூரில் இருக்கும் மச்சினன் பக்கத்தில் ஒரு தடவை நின்றுவிட்டு வர வேண்டும் என்று கிளம்பினார். கிளம்புமுன் தலைக்குக் குளித்தார். துவட்டி முடிப்பதற்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டார். ஈரத் துண்டோடு ஓடிவந்து, “ஏனுங்க மாஸ்டர், இன்னொருக்கா புடிச்சு உடுங்க” என்று கெஞ்சினார். தவசி பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. “தண்ணியில ஒருக்க போட்டுச் சுருங்குன துணி அண்ணாச்சி நீங்க. இனி ஏறாது” என்று தவசி பக்குவமாகச் சொன்னார். வள்ளியாத்தாள் வளையலைக் கழற்றச் சோப்புத் தண்ணீரில் கையை விட்டாள், அத்தோடு அவள் கதையும் முடிந்தது. குளிக்கும் வழக்கம் இல்லாத கோழி மட்டும் பெரிதாகவே திரிந்தது. தெருவில் இதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு நூல் விலை ஏறியது, அதைப் பற்றிப் பேசினார்கள்.

தவசியின் மகள் அபிராமிக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. பெண் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை தேறி, உயரம் அளக்கிற இடத்தில் இரண்டு தடவையும் திரும்பி வந்தவள் அவள். பற்றாமல் போனது ஒரு விரற்கடைக்கும் உள்ளேதான். இந்த முறையும் எழுத்தில் தேறியிருந்தாள். இதோடு வயது வரம்பு முடிகிறது. அதன்பின் காக்கிச் சட்டையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். “அப்பா, என்னய ஒருக்க புடிங்க” என்றாள். அவள் திரும்பி வந்த நாட்களில், ஓடித் தேய்ந்த ஷூவைக் கழுவிக் கழுவி வெயிலில் வைத்ததைத் தவசி பார்த்திருக்கிறார்.

உயரம் அளக்கிற நாளில் விடியலிலேயே மைதானத்தில் இருக்க வேண்டும், அந்நேரம் கண்ணாடியில் உருவம் விழ வெளிச்சம் போதாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே வாசலில் நிறுத்திப் பிடித்தார். அபிராமி ஒரு விரற்கடை ஏறினாள். பிறகு முகம் கழுவவில்லை. சந்தோஷத்திலும் அழக் கூடாது என்று முத்துப்பேச்சி அதட்டி வைத்திருந்தாள். விடிந்தபோது வானம் மூட்டமாக இருந்தது. முத்துப்பேச்சி பேக்கிங் செக்‌ஷன்காரி. கப்பலில் போகிற சரக்கில் ஈரம் ஏறாமல் பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டுவதுதான் அவள் வேலை. மகளையும் அப்படியே செய்தாள். அட்டைப் பெட்டிக்குள் விரிக்கிற பெரிய உறையைத் தலைவழியே மாட்டி, முகத்துக்கு மட்டும் ஓட்டை விட்டு, சுற்றிலும் டேப் ஒட்டினாள். “சொட்டுத் தண்ணி உள்ள போவாது” என்றாள். போகவில்லை. மழையும் வரவில்லை. கேமராப் பையோடு தவசியும் சேர, மூவரும் கூட்டம் நெரிந்த டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மைதான வாசலில் உறையைப் பிரித்தார்கள். உள்ளே அபிராமி வேர்த்து ஊற்றித் தொப்பலாக நனைந்து, தன் பழைய அளவில் நின்றாள்.

“ஐயோ, எம்புள்ளய நானே அவிச்சுப்புட்டேனே” என்று முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“விடும்மா. வந்தாச்சு, நின்னுட்டே போறேன்” என்று அபிராமி அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய் வரிசையில் நின்றாள். வரிசை நகர நேரமானது, வெயில் நன்றாக ஏறிவிட்டது. அளந்து தள்ளப்பட்ட பெண்கள் வேலி ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். தவசி வேலிக்கு வெளியே நின்று, உயரம் அளக்கிற வெள்ளைக் கம்பத்தையே பார்த்தார். பிறகு கேமராவின் எலாஸ்டிக்கை அவிழ்த்து, கண்ணாடியை எடுத்து வேலியோரக் குட்டை மதில்மேல் வைத்தார். கடைக்குத் திருப்பிக் கொடுக்காத கண்ணாடி வெட்டுகிற கருவி பையிலேயே கிடந்தது. கோட்டுக்கு வெளியே அல்ல, கோட்டின்மேலும் அல்ல, கோட்டுக்கு நன்றாக உள்ளே வைத்து இழுத்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் செய்ய மாட்டேன் என்றிருந்த காரியம் அது. கண்ணாடி சுத்தமாக முறிந்தது. சட்டத்துக்குள் போட்டால் லொடலொடவென்று ஆடியது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கம்பத்தை மட்டும் கண்ணாடிக்குள் கொண்டுவந்து பட்டனை அமுக்கினார். கம்பம், அதில் போட்டிருந்த கோடுகளும் எண்களுமாகச் சேர்ந்து, ஒரு விரற்கடை குறுகியது. ஒருவரும் கவனிக்கவில்லை. ஆளை அளக்கத்தான் அங்கே ஆள் இருந்தார்கள், கம்பத்தை அளக்க இல்லை.

அபிராமி கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள். தலைமேல் கட்டையை இறக்கிப் பார்த்த பெண் காவலர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். அபிராமிக்குக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னார். தேறிவிட்டாள். வெளியே வந்தவள் அப்பாவைப் பார்த்தாள், அவர் கட்டைவிரல் இன்னும் கண்ணாடியிலேயே இருந்ததைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அம்மாவிடம் போகாமல் நேரே வேலி ஓரத்துக்கு நடந்தாள். “ஏட்டி, எந்திரிங்க. திருப்பி அளக்கச் சொல்லிக் கேக்கலாம், அதுக்கு எடமிருக்கு. கண்ணத் தொடச்சுட்டு வாங்க” என்று அழுதுகொண்டிருந்தவர்களை ஒவ்வொருத்தியாகக் கைபிடித்து எழுப்பினாள். முறைப்படி கேட்டார்கள், முறைப்படி அளந்தார்கள், பாதிக்குமேல் தேறினார்கள்.

அந்தக் கம்பம் இன்றும் அந்த மைதானத்தில்தான் இருக்கிறது, வேலை செய்கிறது. அபிராமிக்குப் பயிற்சி முடிந்த அன்று எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். குட்டையானவர்களை முன்வரிசையில் நிறுத்துவது வழக்கம் என்பதால், திருப்பூரிலிருந்து போன பெண்கள் மொத்தமாக முன்னால் வந்துவிட்டார்கள். படத்தில் அவர்கள் முகங்கள்தான் முழுசாகத் தெரிகின்றன.