முதல் சம்பளம் விழும்வரை

எடை, உயரம், சிகரெட் பழக்கம் எல்லாம் கேட்டு முடித்த தாணுமாலையன், அடுத்த கேள்வியை வாசிக்காமல் தாண்டப் பார்த்தான். கணேஷ்ராம் விடவில்லை.

"அதையும் படிங்க அத்தான்."

"அது ஒண்ணுமில்ல மாப்ள. பட்டாளத்து ஆளுன்னா தனியா நாலு கேள்வி வச்சிருக்கான். இப்ப எங்க வேல, அடுத்து எங்க போடப்போறான், இப்படி."

"மேல போடுதாங்க."

"மேலன்னா?"

"குளிருத எடம்."

"கொடைக்கானல்னு எழுதிக்கிடவா?" தாணு தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். அத்தை மகன் என்ற உரிமையில் இந்த வீட்டில் ஆறு பாலிசி எழுதியவன். கணேஷ்ராம் சிரிக்காததைக் கண்டு கையிலிருந்த டேப்லெட்டைத் தொடையில் வைத்தான். "இங்க பாரும், இதையெல்லாம் உள்ளபடி சொன்னா கம்பெனி உம்ம யூனிட்டுல பேப்பர் கேக்கும். பாலிசி வர ரெண்டு மாசம் ஆயிரும். சொல்லாம விட்டா நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணுன்னா கையை விரிச்சிருவான்."

"ஆளு கிடைக்கலன்னா?"

"என்னது?"

"பனிக்குள்ள போயிட்டா சில சமயம் ஆளு கிடைக்காது அத்தான். அப்ப ரூவா எப்பம் குடுப்பான்?"

அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த வேணியின் கை நின்றது. ஆறு வருடத் தாம்பத்தியத்தில் கணவன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் அவள் கேட்டதில்லை. லீவில் வந்தால் அல்வா, பாபநாசம் குளியல், மகள் ஸ்னேகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு. அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டால் "சாப்பிடுதோம், தூங்குதோம்" என்பான். இந்த முறை வந்த நாளிலிருந்தே அவன் எதையோ அளந்து பார்ப்பவன் போல இருந்தான். மோட்டாருக்கு வாஷர் மாற்றினான். கேஸ் புத்தகத்தை அவள் பெயருக்கு மாற்றினான். கேட்டுக்கு எண்ணெய் போட்டான்.

பூஜை அறையிலிருந்து மாமியார் ராஜராஜேஸ்வரி வெளியே வந்தாள். கையில் தீப்பெட்டி.

"ஏ தாணு. வெளக்கு பொருத்துத நேரத்துல என் வீட்டுக்குள்ள வந்து என்ன பேச்சு பேசுத நீ?"

"நான் எங்க அத்தை பேசுனேன்? மாப்ளதான் கேக்குதாரு."

"அவன் கேப்பான். நீ எந்திரி."

"வேணி காப்பி தாரேன்னு சொன்னாளேன்னு பாத்தேன்."

"குடிச்சிட்டு எந்திரி."

தாணு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தான். பாலிசி அதோடு நின்றுபோனது. ராஜராஜேஸ்வரி விளக்கைப் பொருத்தினாள். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. ஐப்பசி மாதத்து ஈரக்காற்றுதான். ஆனாலும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பட்டாளத்திலேயே ஒரு காப்பீடு உண்டு. அது இந்த வீட்டின் மேல் இருக்கும் கடனுக்குத்தான் சரியாக இருக்கும் என்று வேணிக்குத் தெரியும். இன்னொன்று வங்கியில். ராணுவத்தாரின் சம்பளம் வந்து விழும் கணக்குக்கு வங்கியே இலவசமாக ஒரு விபத்துக் காப்பீடு தரும். பணியில் இறந்தாலும் சேர்த்தி. கணேஷ்ராமின் சம்பளம் அம்பாசமுத்திரத்து வங்கியில் விழுந்தது. அவன் பட்டாளத்தில் சேர்ந்த வருடம் அப்பா உயிரோடு இருந்தபோது தொடங்கிய கணக்கு. மகனும் அம்மாவும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு. வாரிசாகவும் அம்மாவின் பெயர்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

மாற்றுவது ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அந்த இரண்டாவது கையெழுத்து ராஜராஜேஸ்வரியுடையது. அவளை வங்கிக்கு அழைத்துப்போய், மேலாளர் நாற்காலியில் இருக்கும் காந்திமதிநாதன் முன்னால் உட்காரவைத்து, உங்கள் மகன் இறந்தால் வரும் பணம் உங்களுக்கு வேண்டாம், எனக்கு வரட்டும் என்று வேணி சொல்ல வேண்டும். காந்திமதிநாதன் செத்துப்போன மாமனாரின் சிநேகிதர். ஓய்வு பெறும் முன் சொந்த ஊருக்கே மாற்றல் வாங்கி வந்தவர். மத்தியானம் அங்கே கையெழுத்துப் போட்டால் சாயங்காலம் கோயில் வாசலில் அது பேச்சாகிவிடும்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேணிக்கு ஆறு வருடமாக வாய் வரவில்லை. மாமியார் பொல்லாதவள் இல்லை என்பதுதான் இதில் சங்கடமே. பிரசவத்தின்போது இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள். முறுகலான தோசையை மருமகள் தட்டில் போடுகிறவள்.

மறுநாள் காலையில் துணி காயப்போடும்போது வேணி கணவனிடம் சொன்னாள். "திருநெல்வேலில புதுசா ஒரு பேங்க்ல உங்க ஆளுங்களுக்கு நெறைய தாராங்களாம். ஸ்னேகா ஸ்கூல்ல ஒரு மிலிட்டரிக்காரர் சம்சாரம் சொல்லிச்சு. சம்பளத்த அங்கன மாத்திட்டா என்ன? பழைய கணக்கு அத்தைக்குச் சாதாரணக் கணக்கா இருந்துட்டுப் போட்டும்."

கணேஷ்ராம் ஈரச் சட்டையை உதறினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "பேர மாத்தணும். அதான?"

"அத்தைட்ட எப்படிக் கேக்க?"

"நானும் கேக்க மாட்டேன்." அவன் சட்டையைக் கொடியில் போட்டு, இல்லாத சுருக்கத்தை நீவினான். "சரி. சம்பளத்த எடுக்கதுக்கு என் கையெழுத்து மட்டும் போதும். இங்கன எடுத்து அங்கன போடுதது, ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிருவோம். லீவுல இருக்கும்போதே முடிச்சிரணும்."

சனிக்கிழமை முதலில் உள்ளூர் வங்கிக்குப் போனார்கள். காந்திமதிநாதன் சந்தனப் பொட்டும் கண்ணாடியுமாக நிமிர்ந்தார். கணக்கைச் சம்பளத் திட்டத்திலிருந்து எடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன்டே, இங்கன என்ன கொற?"

"ஒண்ணுமில்ல மாமா. யூனிட்ல எல்லாரும் மாத்துதாங்க."

"ஒங்கம்மா ராஜம்மாட்ட ஒரு வார்த்த சொல்லியாச்சா?"

வேணி முந்திக்கொண்டாள். "சொல்லியாச்சு மாமா."

அவர் வேணியின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வெளியே கவுன்டரில் யாரோ சத்தம் போடவும் கையெழுத்தைப் போட்டு நீட்டிவிட்டார். "இன்னையோட அந்தச் சலுகை எல்லாம் போயிரும். தெரியும்லா?"

"தெரியும்."

பஸ் பிடித்து திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வண்ணாரப்பேட்டையில் புது வங்கி. கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, நாற்காலிகூட ஊர் நாற்காலி மாதிரி இல்லை. ஸமீஹா என்ற இளம்பெண் அவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். பழைய வங்கியைவிடத் தொகை அதிகம். குழந்தையின் படிப்புக்குத் தனியாக. வாரிசு என்ற இடத்தில் ஸமீஹா வேணியின் பெயரை அடித்தபோது வேணிக்கு முதுகில் வியர்த்தது. எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது!

"சம்பளப் பிரிவுக்கு நீங்க ஆன்லைன்ல கொடுத்தா இந்த மாசச் சம்பளமே இங்க வந்துரும் சார். முதல் சம்பளம் கணக்குல விழுந்த அன்னைலருந்து இன்சூரன்ஸ் கவர் ஆரம்பிச்சிரும்."

"விழுந்த அன்னைலருந்தா? இன்னைலருந்து இல்லையா?"

"இல்ல சார். சம்பளம் விழணும். அதுவரைக்கும் பழைய பேங்க் கணக்க மாத்தாம அப்படியே வச்சிருங்க."

கணேஷ்ராமும் வேணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலையிலயே மாத்தியாச்சும்மா" என்றான் அவன்.

ஸமீஹாவின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. பிறகு, வாடிக்கையாளரைப் பயமுறுத்தக் கூடாது என்று பழக்கப்பட்ட புன்னகையோடு கேட்டாள். "சம்பளம் வர்ற வரைக்கும் லீவுலதான இருப்பீங்க?"

"ஆமா. அடுத்த மாசம் நடுவுலதான் போகணும்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்."

ஒண்ணும் பிரச்சினை இல்லை. வேணி அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெளியே வந்து இருவரும் கரும்புச்சாறு குடித்தார்கள். ஸ்னேகாவுக்குக் கால் கிலோ அல்வா வாங்கினார்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அவளுக்குத் தூக்கம் சொக்கியது. பல வருடத்துக் கல் ஒன்று இறங்கிய மாதிரி.

சேரன்மகாதேவி தாண்டியதும் கணேஷ்ராமின் போன் அடித்தது. அவன் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தான். முதுகு விறைத்தது. "ஜீ சாப்" என்றான். கேட்டுக்கொண்டே இருந்தான். மறுபடி "ஜீ சாப்." வேணிக்கு இந்தி தெரியாது. ஆனால் அவன் மறு கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த விதம் தெரிந்தது.

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வெளியே பார்த்தான். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள்.

"என்னங்க?"

"லீவு கேன்சல். நாளைக்கே கெளம்பணும்."

"எதுக்காம்?"

"எல்லாரையும் கூப்பிடுதாங்க." அவன் அவள் மடியிலிருந்த அல்வாப் பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். நெய் அவன் பேன்ட்டில் ஊறியது. துடைக்கவில்லை.

"பழையதையே திருப்பி மாத்திருவோம். காந்திமதிநாதன் மாமாட்ட காலுல விழுந்தாவது..."

"நாம போய்ச் சேரதுக்குள்ள பேங்க் அடைச்சிருவான். நாளைக்கு ஞாயித்துக்கிழம வேணி."

வழியனுப்ப ஜங்ஷனுக்கு ராஜராஜேஸ்வரி வரவில்லை. வாசலிலேயே திருநீறு பூசிவிட்டு, "போயிட்டு வாரேன்னு சொல்லுய்யா" என்று இரண்டு தடவை சொல்லவைத்தாள். ரயில் நகரும்முன் கணேஷ்ராம் வேணியிடம் குனிந்து சொன்னான். "சம்பளம் விழுந்ததும் ஒனக்கு மெசேஜ் வரும். ஒன் நம்பரத்தான் குடுத்திருக்கேன். வந்ததும் எனக்குச் சொல்லு."

"அங்க போன் எடுக்குமா?"

"எடுக்காது. சும்மா சொல்லு."

திங்கட்கிழமை வேணி தனியாகக் காந்திமதிநாதனைப் போய்ப் பார்த்தாள். கணக்குக்காரன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார். மத்தியானம்வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாபநாசம் அணை நிரம்பிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை பேசினான்; "நாளைக்கு மேல ஏறுதோம்" என்றான். அதோடு சரி. அவன் எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண்குரல் இந்தியில் ஏதோ சொன்னது. வேணி அந்தக் குரலைக் கேட்பதற்காகவே தினமும் அடித்தாள். பள்ளிக்கூடத்தில் ஸ்னேகாவைக் கூப்பிடப் போகும்போதும், கறிவேப்பிலை உருவும்போதும், மனம் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சம்பள நாள் வர வேண்டும். அதுவரை ஒன்றும் நடக்கக் கூடாது. அதற்குப் பிறகு? அப்படி நினைத்த மனதை அவளே அறைந்தாள். அறைந்த பிறகும் அது அதையேதான் நினைத்தது.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் டி.வி.யில் அடியில் ஓடிய வரியை அவள்தான் முதலில் பார்த்தாள். வடக்கு எல்லையில் நேற்று பனிச்சரிவு. ரோந்து சென்ற வீரர்களைக் காணவில்லை. தேடும் பணி தீவிரம். பெயர் இல்லை, படைப்பிரிவு இல்லை. எல்லை என்றால் எவ்வளவு நீளம்! எத்தனை ஆயிரம் பேர்!

ராஜராஜேஸ்வரி எழுந்து வந்து டி.வி.யை அணைத்தாள். ரிமோட்டைத் தேடவில்லை; சுவரில் சுவிட்சையே அணைத்தாள். தெருவில் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. தாமிரபரணி கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம்.

சத்தம் தேய்ந்ததும் ராஜராஜேஸ்வரி சொன்னாள். "காந்திமதிநாதன் காலையில கோயில்ல பாத்தான். எல்லாத்தையும் சொன்னான்."

வேணி ஸ்னேகாவை உள்ளே போகச் சொன்னாள்.

"என் பேர எடுக்கணும்னா என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. நான் என்ன, எடுத்துக் கட்டிக்கிட்டா போவப்போறேன்?"

"அத்தை..."

"ஒன் பேருக்கு மாத்திருன்னு இந்த லீவுல அவன்ட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன். பிள்ளை நடுக்கூடத்துல உக்காந்து சாப்பிடுதான், அவன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல? நாளைக்கு, நாளைக்குன்னு இருந்துட்டேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒனக்கும் வாய் வரல. எனக்கும் வரல."

வேணிக்கு அழுகை வரவில்லை. அழுதால் எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இருந்தது.

அப்போது மேசை மேலிருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. இருவரும் திரும்பினார்கள். வேணி எடுத்துப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. கணேஷ்ராமின் சம்பளம் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இன்றைய தேதி.

இன்று. சரிவு நேற்று.

"என்னட்டி? யாரு?"

"பேங்க்லருந்து அத்தை. அவங்க சம்பளம் வந்திருக்கு."

ராஜராஜேஸ்வரியின் முகத்தில் ஏதோ பரவியது. அவள் வேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டா? இன்னைக்கா? அப்பம் நல்லாத்தான இருக்கான்? இல்லாட்டி சம்பளம் போடுவானா?"

சம்பளம் போடுகிற கணினி டில்லியிலோ புனேயிலோ எங்கோ இருக்கிறது. மலைக்கு மேல் நடப்பது அதற்குத் தெரிய மாதக்கணக்காகும். வேணிக்கு அது தெரியும்.

"ஆமா அத்தை" என்றாள்.

ராஜராஜேஸ்வரி போனைத் தன் உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு ஏந்திப் பிடித்து, எழுத்துக் கூட்டி மகனின் பெயரைக் கண்டுபிடித்தாள். ஸ்னேகா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். வெளியே மழை மறுபடி வலுத்தது. ஆட்டோ அடுத்த தெருவில் அதையே சொல்லிக்கொண்டு போனது. சற்று நேரத்தில் திரையின் வெளிச்சம் மங்கி அணையப் பார்த்தது. ராஜராஜேஸ்வரி பதறி ஒரு விரலால் தொட்டாள். எழுத்துகள் திரும்ப எரிந்தன. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.