உட்கார வைத்து எடுத்த படம்

செருப்பின் வாரை அவிழ்க்க லோகு குனியவில்லை. கதவோரச் சுவரில் ஒரு கையை ஊன்றி, தலையைச் சற்றும் தாழ்த்தாமல், ஒரு காலின் கட்டைவிரலால் மறுகாலின் வாரைத் துழாவித் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை வார் கழன்றது. எக்ஸ்ரே அறையின் வாசலில் நின்று ஏஞ்சல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிய அஞ்சும் ஒருவனின் முகத்துக்குள் என்ன இருக்கக்கூடும் என்பது அவள் படித்த பாடம். அந்த முகத்தைச் செவ்வாய்க்கிழமை படம் எடுத்தவளும் அவள்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையின் ஒப்பந்தத் தொழிலாளி அவன். ஒரு மாதமாகத் தலைவலி, சைனஸாக இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்கவும் என்று அன்று அவன் கொண்டுவந்த சீட்டில் இருந்தது. சென்னையில் இருந்தபடியே படங்களைப் பார்த்து அறிக்கை அனுப்பும் மருத்துவர், குறிப்பிடும்படியாக ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். இன்று அந்த அறிக்கையில் ஸ்கேன் சென்டரின் முத்திரையை வாங்கிப்போக ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் மோகன்ராஜ் வந்திருந்தார். அறிக்கையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட லோகுவையும் அழைத்து வந்திருந்தார்.

"சீல குத்திக் குடுத்தா போயிக்கினே இருப்போம் மேடம்," என்றார் மோகன்ராஜ். "ஒரு மாசத்துல ஒம்பது நாளு லீவு. கேட்டா தலவலின்றான். இப்போ படமே சொல்லிடுச்சி, மண்டைக்குள்ள ஒண்ணுமில்லன்னு. நாங்க அத எப்பவோ சொன்னோம்."

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"குனிஞ்சா மூஞ்சே ஒடையற மாதிரி கீதுண்ணா. நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்றான் லோகு.

"பொய்யின்னு நான் சொல்லலடா, டாக்டரு சொல்றாரு. இனிமே ஒனக்கு வேல கெடையாது, கேட் பாஸ ஆபீஸ்ல குடுத்துட்டு ஊட்டுல போயி நல்லா படு."

ஏஞ்சல் உள்ளே சென்று அந்தப் படத்தைத் திரையில் வரவழைத்தாள். செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று இங்கே வேறொரு தொழிற்சாலையின் வருடாந்திர மருத்துவ முகாம். நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ள நாற்பத்தாறு பேர் சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றார்கள். நின்றும் உட்கார்ந்தும் எடுக்க அங்கிருந்தது ஒரே ஸ்டாண்டு. ஸ்கேன் சென்டரின் உரிமையாளர் ராஜமாணிக்கம் எட்டிப்பார்த்து, தலைப் படங்களையெல்லாம் மேசையில் படுக்க வைத்தே எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். அவளும் லோகுவைக் கவிழ்ந்து படுக்கச் சொல்லி எடுத்துவிட்டாள். அது கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பாதி நீர் உள்ள கண்ணாடிப் புட்டியை நிறுத்தி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் நீர் எதுவரை நிற்கிறது என்பது கோடு போட்டாற்போலத் தெரியும். அதையே படுக்க வைத்து மேலிருந்து பார்த்தால் நீர் பரவிவிடும்; கோடு இராது; புட்டி சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவே. கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறையும் அப்படித்தான். திரையில் லோகுவின் வலக் கன்னம் அந்த மங்கலோடுதான் இருந்தது. மருத்துவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றால், பொருட்படுத்தும்படியான படத்தை அவள் கொடுக்கவில்லை என்பதே அதன் பொருள்.

அறையில் ஒரு பதிவேடு தொங்கியது. தவறாக எடுத்து மீண்டும் எடுக்க நேர்ந்த படங்களை, எடுத்தவர் பெயரோடு அதில் எழுத வேண்டும். மூன்று ஆண்டுகளில் ஏஞ்சலின் பெயர் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஆரம்பாக்கத்தில் அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். அவளுடைய அம்மா ஆரோக்கியமேரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், "எம் பொண்ணு ரெண்டாந்தபா எடுக்கற வேலையே கெடையாது" என்று கோயில் வாசலில் யாரையாவது நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். இப்போது யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. முத்திரை குத்திவிட்டால் அந்தப் பதிவேடு அப்படியே வெள்ளையாக இருக்கும்.

அவள் முன்கூடத்துக்கு வந்தாள்.

"சார், இந்தப் படத்துக்கு சீல் வேணாம். படம் தப்பு. அவரு மேல தப்பில்ல. படுக்க வச்சி எடுத்தது நான்தான். ஒக்கார வச்சி எடுக்கணும்."

"ஒக்காந்தா ஒண்ணு, படுத்தா ஒண்ணா? இன்னா மேடம், ஃபோட்டோ ஸ்டூடியோவா இது?"

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. ராஜமாணிக்கம் தம் அறையிலிருந்து விரைந்து வந்து அவளை ஓரமாக அழைத்தார். "இன்னாம்மா பேஜாரு பண்ற? கம்பெனிக்காரங்க எதிர்ல போயி தப்பா எடுத்தேன்னு சொல்லிக்கினு கீற. அடுத்த வருசம் இவங்க கேம்ப்பு நம்மகிட்ட வருமா?"

"தப்பா எடுத்துட்டேன் சார். அத நான்தான சொல்லணும்."

"இப்ப எடுத்தும் ஒண்ணும் இல்லன்னா?"

"அப்போ நானே சீல் குத்திக் குடுக்கறேன்."

ராஜமாணிக்கம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று கையசைத்தார்.

ஸ்டாண்டுக்கு முன் ஸ்டூலைப் போட்டு லோகுவை உட்கார வைத்தாள். "அஞ்சு நிமிஷம் தலைய ஆட்டாம ஒக்காருங்கண்ணா. உள்ள தண்ணி இருந்தா எறங்கி நிக்கட்டும்."

"இல்லன்னா சிஸ்டர்?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசல் நிலையில் சாய்ந்திருந்த மோகன்ராஜும் பார்த்தார். "இதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சிருக்கலாம்," என்றார்.

தலையை அசைக்காமல், சுவரைப் பார்த்தபடியே லோகு பேசினான். "கிரேன் சங்கிலி மாட்டறதுக்குக் குனிஞ்சேன்ணா. கண்ணு இருட்டிக்கிச்சி. கொக்கி கையிலர்ந்து நழுவி உழுந்துச்சி. கூட வேல செய்யற அன்பு ஒரு அடி தள்ளி நின்னுகினு இருந்தான். அன்னிக்குத்தான் மொத லீவு போட்டேன்."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

மோகன்ராஜ் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கதிர் பாயும் அறையில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று ஏஞ்சல் சொன்னதும் மறுபேச்சின்றி வெளியே போனார்.

அவள் லோகுவின் முகவாயைப் பலகையில் பதித்தாள். மூக்கு பலகையைத் தொடாமல் இடைவெளி விட்டாள். வாயைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் தேர்வு அறையில் செய்வதுபோல, ஆனால் அந்தப் பதற்றம் இன்றிச் செய்தாள். தடுப்புக்குப் பின்னால் வந்து, மூச்சை அடக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். அவளும் மூச்சை அடக்கியிருந்தாள்.

படம் திரையில் மேலிருந்து கீழாகத் தெளிந்து வந்தது. இரு கண்குழிகள், அவற்றின் கீழே இடப்புறம் காற்று நிறைந்த கரிய முக்கோணம். வலப்புறம் அதே முக்கோணத்தில் மேல்பாதி கருப்பு, கீழ்ப்பாதி வெண்மை. இரண்டுக்கும் நடுவே, கொத்தனார் ரசமட்டம் பிடித்து வைத்தாற்போல ஒரு நேர்கோடு. ஒரு மாதமாக ஒருவரும் நம்பாத வலி அங்கே ஒரு கோடாக நின்றது. ஏஞ்சல் தன் வாழ்நாளில் எடுத்தவற்றில் மிக நேர்த்தியான படம் அது. அவளுக்கு அது தெரிந்தது. அந்தப் பெருமையை அடக்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

படத்தை மருத்துவருக்கு அனுப்பிவிட்டுப் பதிவேட்டை எடுத்தாள். முந்தைய படம் படுத்த நிலையில் எடுக்கப்பட்டது, பிழை என்னுடையது என்று எழுதி, கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள். எழுத்து நேராக வந்திருந்தது.

கால் மணி நேரத்தில் மருத்துவரே தொலைபேசியில் வந்தார். வலப்புறம் சீழ்நீர் தேங்கியிருக்கிறது, சைனசைட்டிஸ்தான், காதுமூக்குத் தொண்டை மருத்துவரை உடனே பார்க்கட்டும் என்றார். பிறகு, மீண்டும் எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் எடுத்தேன்."

புதிய அறிக்கையில் அவளே முத்திரை குத்தினாள். மோகன்ராஜ் அதை வாங்கி, ஆங்கில வரிகளில் விரலை ஓட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆபீசுக்குப் பேச எடுத்த செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

படத்தின் உறையை ஏஞ்சல் லோகுவிடம் நீட்டினாள். அவன் உருவிப் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். "இந்தக் கோடா சிஸ்டர்?"

"அதுதாண்ணா. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் தண்ணி."

அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு உறையில் இடாமல், படத்தை இரு கைகளாலும் மார்புக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தபடி நடந்தான். சிரித்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். மோகன்ராஜ் முன்னால் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார். படத்தைச் சற்றும் சாய்க்காமல், விளிம்புவரை நிறைந்த ஒன்றைச் சுமப்பவனைப் போல, லோகு மெல்லப் படியிறங்கினான்.