டிரைவர் இருக்கையில் தலை தெரியவில்லை

1

இந்தக் கதையை நானாக ஆரம்பிக்கவில்லை. ஆட்சி கவிழ்ந்த பத்தாம் ஆண்டுக்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். குழுவிலிருந்து ஒருவர் வந்தார். "அந்த டிரைவர் உங்க பக்கத்து வீடுதானே? நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார். பக்கத்து வீட்டில் குடியிருப்பது ஓர் இலக்கியத் தகுதி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

டிரைவர் என்றால், கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீர் பீய்ச்சும் போலீஸ் வண்டியின் டிரைவர். எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அன்று அவர் பித்தானை அழுத்தினார், தண்ணீர் வரவில்லை, ஊரே சிரித்தது, மூன்றாம் நாள் ஆட்சி போனது. இவ்வளவுதானே, எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் வரிகள்:

"புரட்சியின் செங்கதிர்கள் கிழக்கே..." (வேண்டாம். அன்று மேகமூட்டம்.)

"பதினாறு ஆண்டு இருட்டில் ஒரு தனி மனிதன்..." (தனி மனிதன் எங்கே? அண்ணி இருந்தார். தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு இருந்தார்கள்.)

"ஒன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை." இது நிஜம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஒன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சட்டத்தைத் திருத்தித் திருத்தி நிரந்தரத் தலைவராகிவிட்டவருக்கு எங்கள் தெருவில் 'நிரந்தரம்' என்றே பெயர். மெதுவாகத்தான் சொல்வோம். சத்தமாகச் சொன்ன தையல்காரர் இரண்டு வருடம் வீடு திரும்பவில்லை. (சிரிப்புக் கதை என்பதற்காக இதை விட்டுவிட முடியாது.)

அன்று மதியம் அண்ணன் சாப்பாட்டுக்கு வண்டியையே தெருவுக்குள் ஓட்டி வந்துவிட்டார். வண்டி நிறையத் தண்ணீர். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஊரை நனைக்கத் தண்ணி இருக்கு, உலை வைக்கத் தண்ணி இல்ல. நல்லா இருக்குங்க உங்க கவர்மென்ட்டு."

"என் கவர்மென்ட்டா? சம்பளம் குடுக்குது, அவ்வளவுதான். சரி, எல்லாரும் பிடிச்சுக்கங்க. பாதிதான். அதுக்கு மேல போச்சுன்னா என் வேலை போயிடும்."

"சாயங்காலம் போராட்டத்துக்கு நான் சதுக்கத்துக்குப் போறேன். முன்வரிசையில நிப்பேன்."

"போகாத."

"நீங்க மட்டும் போறீங்கல்ல?"

"நான் டூட்டிக்குப் போறேன்."

"நானும் அதுக்குத்தான் போறேன்."

அண்ணன் சாப்பிட்டார். அரை மணி நேரம் கண்ணயர்ந்தார். எழுந்தபோது தெருவில் ஒரு பெண்ணும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே சதுக்கத்துக்குப் போனார்.

4

அதிகாரி "அடி!" என்றார். அண்ணன் பித்தானை அழுத்தினார். வண்டிக்குள் கொடகொடவென்று சத்தம், ஒரு பெரிய ஏப்பம், பிறகு குழாய் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

அண்ணி நிதானமாக நடந்து வந்து கொண்டுவந்த குடத்தை அதன் கீழ் வைத்தார். கால் குடம் நிறைந்தது.

"அக்கா, எனக்கு ஒரு டம்ளர்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். ஆயிரம் பேர் வரிசை கட்டினார்கள். தடுப்புக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரர்களின் தோள்கள் குலுங்கின. கடைசியில் அதிகாரியும் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

(விழாக் குழுவுக்கு ஒரு குறிப்பு: சிரிப்பால் மட்டும் ஆட்சி கவிழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள், திரும்பாதவர்கள் இருந்தார்கள். ஆனால் அதுவரை பயந்து வீட்டில் இருந்தவர்கள் மறுநாள் குடத்தோடு தெருவுக்கு வந்தார்கள். என் அப்பா உட்பட.)

5

இங்கே கதையை முடித்திருப்பேன். போன வாரம் மாடியில் துணி காயப்போட வந்த அண்ணி கெடுத்துவிட்டார்.

"தம்பி, அவரு பாதின்னுதான் சொன்னாரு. அவரு தூங்குறப்ப நாங்க மொத்தத்தையும் இறக்கிட்டோம். அடியில நின்ன கொஞ்சம்தான் மிச்சம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அது தெரியாமத்தான் தம்பி பத்து வருஷமா முழிக்கிறேன்."

வண்டி காலி என்று தெரிந்துதான் அண்ணி அவ்வளவு தெம்பாக முன்னால் நின்றிருக்கிறார். ஆனால் அண்ணன்? பாதி இருக்கிறது என்று நினைத்து அழுத்தியிருந்தால், கட்டின பெண்டாட்டி மேலேயே அழுத்தியிருக்கிறார்.

"நீங்க கேக்கவே இல்லையா அண்ணி?"

"நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்டா பதில் சொல்லிடுவாரே."

6

அண்ணனுக்குப் பதக்கம் கொடுக்கக் குழு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. அதில் ஒரே கேள்வி: வண்டி காலி என்று தெரிந்தே அழுத்தினீர்களா? ஆம், இல்லை. படிவம் ஒரு மாதமாக ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. தெரியும் என்றால் டிக் அடிக்க என்ன கஷ்டம் என்று அண்ணி அதை ஒவ்வொரு நாளும் தூசு தட்டி வைக்கிறார்.

நானும் அண்ணனைக் கேட்டுப் பார்த்தேன். "வண்டியைக் கேளு தம்பி" என்றார்.

கேட்டேன். வண்டி இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காவலாளியிடம் கெஞ்சி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தேன். தண்ணீர் மீட்டர் இடது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. குனிந்தால்தான் முள் தெரியும்.

7

அன்றைய புகைப்படம்தான் மலரின் அட்டை. அண்ணி குடத்தோடு நிற்கிறார், கூட்டம் சிரிக்கிறது. முன் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் டிரைவர் இருக்கையில் தலை தெரியவில்லை. அண்ணன் குனிந்திருக்கிறார்.

முடிவு ஒன்று: கிளம்பும்போதே முள்ளைப் பார்த்துவிட்டார். அழுத்தியது வெறும் நடிப்பு. அதிகாரி பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து சிரிக்கிறார். (குழுவுக்கு இதுதான் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: தண்ணீர் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் முள்ளைப் பார்க்கக் குனிகிறார். (இதை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

முடிவு மூன்று: அழுத்திய மறுகணமே முகத்தைப் பொத்திக்கொண்டு... (இல்லை. இதை ஊகிக்க எனக்கு உரிமை இல்லை.)

8

"நீங்க எழுதுங்க தம்பி, அவரு கதையெல்லாம் படிக்கிறதில்ல" என்றார் அண்ணி. தான் இருக்கிற கதையை எந்த மனிதர் படிக்காமல் இருப்பார்? அது அண்ணிக்கும் தெரியும். தெரிந்துதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் இந்தத் தாள்களை அண்ணன் கையில் கொடுக்கப் போகிறேன். மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், முடிவு உங்களுக்கு இல்லை.

அண்ணே, இந்த வரிக்கு வந்துவிட்டீர்களா? கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டாம், எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. படிவத்தை விடுங்கள். அண்ணி இந்நேரம் சமையலறையில் பத்து நிமிடமாக ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார், சுவர் வழியாக எனக்குக் கேட்கும். எது நடந்ததோ அதை உள்ளே போய் அவரிடம் சொல்லுங்கள். முதலில் குழாயை மூடச் சொல்லுங்கள், தண்ணீர் வீணாகப் போகிறது.