வார்த்தைகள் குடியிருந்த வீடு

என் நாத்தனாருக்கு ஆங்கிலம் புத்தகத்திலிருந்து வரவில்லை, எங்கள் வீட்டுச் சாமான்களிலிருந்துதான் வந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன!

ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிற பெண் அவள். தூரத்து நகரத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்து நேர்முகம் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே கடினமான வார்த்தையாகப் பார்த்துப் பொறுக்கிச் சொல்வார்களாம், இவள் யோசிக்காமல் அர்த்தம் சொல்ல வேண்டுமாம். தேறினால் அங்கேயே போய்விடுவாள். தேறாவிட்டால் பல்வலிக்காரர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டு எங்களோடு இருப்பாள். நாளெல்லாம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால்தான் பொழுதே விடியும்.

உருப்போட்டுப் பார்த்தாள், மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் கோபத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த நாற்காலியைப் பார்த்து, "ப்ரிகேரியஸ்" என்றாள்.

"என்னடி, நாற்காலியைத் திட்டறியா?"

"இல்ல அண்ணி. இன்னும் விழல, ஆனா எப்ப வேணா விழலாம். அப்படி இருக்கறதுக்குப் பேரு ப்ரிகேரியஸ்."

அன்றைக்கு ஆரம்பித்தது. ஓயாமல் உறுமுகிற பழைய ஃப்ரிட்ஜில் கேருலஸ் குடியேறியது, வளவளவென்று பேசுகிற வாயாடி என்று அர்த்தமாம். திறக்க மறுக்கிற அலமாரிக்கு ரெட்டிசென்ட், மனசில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவராதவர். "அப்போ உங்கண்ணன் முதுகுல ஒட்டுடி அதை" என்றேன். சொட்டுகிற குழாய்க்குப் புலம்பல்காரி என்று பொருள்படும் குவெருலஸ். குளியலறைக் கண்ணாடியில் படிந்து மறைகிற ஆவிக்கு எஃபெமரல், வந்தது தெரியாமல் போய்விடுவது. நான் தைத்துக்கொண்டே கத்தரிக்கோலால் ஒரு சாமானைக் காட்டுவேன், அவள் வார்த்தையும் அர்த்தமும் சொல்வாள். வீடு மெல்ல மெல்ல நிரம்பியது. காலையில் கண்விழித்தால் அறை முழுக்க யார் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதுபோல் எனக்கே தோன்றும். நல்ல குடித்தனக்காரர்கள், சத்தமே கிடையாது.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். ஊரார் சுவருக்கெல்லாம் வண்ணம் அடிப்பார், சொந்தச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மகானுபாவருக்கு நேர்முகத்துக்கு முந்தின நாள்தானா ஞானோதயம் வர வேண்டும்? தங்கை கிளினிக்குக்குப் போயிருக்கிறாள், நான் தைத்த சீருடைகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வீட்டையே வெள்ளையாக்கி வைத்திருக்கிறார்! சாமான்கள் எல்லாம் கூடத்தின் நடுவில் ஒரே குவியல், மேலே வெள்ளைத்துணி. மேகம் ஒன்று வழிதவறி உள்ளே வந்து படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு மூச்சே இல்லை. குழாயின் வாயைக்கூட அடைத்துவிட்டார்.

"நாற்காலி எங்கங்க?"

"பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன். தங்கச்சி நல்ல காரியத்துக்குப் போறா, வீடு பளிச்சுனு இருக்க வேணாமா?"

ஆசையாகச் செய்தவரை என்னவென்று திட்டுவது? இருந்தாலும் திட்டினேன். பிரஷ்ஷோடு பின்பக்கம் போய்விட்டார்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே அவள் வந்தாள். ஜன்னல்களில் திரை இல்லை, வெயில் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி, வீடு பாலில் முங்கினதுபோல் இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் செத்துப்போனது.

"அண்ணி... எதுவும் வரல. ஒண்ணுகூட வரல."

"புத்தகம் இருக்கேடி, எடுத்துப் பாரு."

பார்த்தாள். படிக்கும்போது இருந்தது, மூடினதும் இல்லை. திரும்பத் திரும்ப அதே கதைதான். கடைசியில் பெயிண்ட் வாளி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "விடுங்க அண்ணி, எனக்குக் கொடுத்து வெச்சது அவ்ளோதான்" என்றாள்.

அந்த நேரத்தில் என் பாவி மனசு என்ன நினைத்தது தெரியுமா? நல்லதாப் போச்சு என்று நினைத்தது. இருந்துட்டுப் போகட்டும். நாளைக்குச் சாயங்காலமும் செருப்புச் சத்தம் கேட்கும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வராத வார்த்தையை விடாமல் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"எழுந்திரு. கண்ணை மூடு. கையைக் குடு."

வெள்ளை வீட்டுக்குள் அவளை நடத்திக்கொண்டு போனேன். எங்கள் காலடிச் சத்தம் வேறு யாருடைய வீட்டிலோ கேட்பதுபோல் கேட்டது. ஒன்றுமே இல்லாத மூலையில் நிறுத்தி, "இங்க நாற்காலி. உக்காராத, ஆடும்" என்றேன்.

அவள் இடுப்பு தானாக ஒருபக்கம் சாய்ந்தது. "ப்ரிகேரியஸ்" என்றாள், மெதுவாக.

"இங்க யாரு, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கத்திக்கிட்டு?"

"கேருலஸ்!" சிரித்துவிட்டாள்.

காலிச் சுவரைத் தொட்டு அலமாரியைத் திறக்க முயன்றாள். கண்ணாடி இருந்த இடத்தில் வாயால் ஊதினாள். எனக்கும் எல்லாம் அங்கங்கே தெரிய ஆரம்பித்தது, என் கண்தான் திறந்திருந்ததே! ஆனால் சுவரைப் பார்த்தால் சுவர் இல்லை, அலமாரிதான் இருந்தது. இல்லாத மேசைமேல் கையை இடித்துக்கொள்ளாமல் வளைந்து நடந்தோம். குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து அவளிடம் தலையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியாக வாசற்கதவு. அதில் மட்டும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இதுல என்ன வெச்சேன் அண்ணி?"

எனக்குத் தெரியும். அதை அவள் வைத்த அன்றைக்கு, வேறு வார்த்தையே கிடைக்கலையா என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். நாளைக்கு இந்த ஒன்றையே கேட்டுவிட்டால்? அவளுடைய இன்னொரு கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்தேன்.

"பிடிச்சுப் பாரு."

பிடித்தாள். அப்புறம் விரல்களை விரித்தாள்.

"ரிலின்க்விஷ். நம்மோடதுன்னு இறுக்கிப் பிடிச்சிருந்ததை, மனசாரப் பிடியை விட்டுடறது." கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். "எல்லாம் வந்துடுச்சு அண்ணி! ஒண்ணு பாக்கியில்லாம வந்துடுச்சு!"

நான் இன்னொரு கையால் கதவைத் திறந்துவிட்டேன்.

"அண்ணி," என்றாள் கொஞ்சம் கழித்து, "கை வலிக்குது."

விட்டேன்.