கணக்கில் வராத பதினொரு பேர்

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், அலபாமாவின் அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில் கெண்ட்ரல் மேப்ரியின் பெயரைச் சொல்லி எண்பதாயிரம் பேர் கத்தியிருக்கிறார்கள். இப்போது அவனுக்கு முப்பத்து நாலு வயது. அதே வளாகத்தில் புள்ளியியல் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் வருஷம் முடிந்ததுமே தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. படிப்பைப் பாதியில் போட்டுவிட்டுப் போனான். ஆறு வருஷம் ஆடினான். முழங்கால் மூன்றாவது தடவை போனபோது அணி கைவிட்டது. ஊருக்கு வந்து ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தான். மேலாளர் இடம் காலியானபோது, பட்டம் இல்லையென்று அவன் விண்ணப்பத்தைக்கூட வாங்கவில்லை. அன்றைக்கே அவன் மனைவி லட்ரீஸ், "நீ மறுபடி காலேஜுக்குப் போற. இதுல பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

புள்ளியியல் வகுப்பில் ஆளுக்கொரு கணக்கெடுப்பு செய்துவரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் ஹாலிக்குப் பத்தொன்பது வயது. மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவாள்.

"உங்க டீம்ல எத்தனை பேர் டிகிரி வாங்கினாங்கன்னு எடுங்களேன். தொண்ணூறு சதவீதம்னு ஸ்டேடியத்துல பெருசா எழுதி வச்சிருக்காங்க. நம்புறீங்களா நீங்க?"

கெண்ட்ரல் விளையாட்டுத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டான். அங்கிருந்த ஊழியர் கணினியைப் பார்த்துச் சொன்னார்:

"நல்ல மார்க்கோட இருந்து, பாதியில தொழில்முறைக்குப் போனவங்களை இந்தச் சதவீதக் கணக்குல சேர்க்கறதில்ல சார்."

"அப்ப நான் முடிச்சவனா, முடிக்காதவனா?"

"ரெண்டும் இல்ல. நீங்க கணக்குலயே இல்ல."

வண்டி நிறுத்துமிடம் வரை நடந்து வருவதற்குள் அந்த வார்த்தை அவனை என்னவோ செய்துவிட்டது. அவன் ஆடிய மூன்று வருஷங்களில் அப்படிப் பாதியில் போனவர்கள் அவனோடு சேர்த்துப் பதினொரு பேர். ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துப் பேச ஆரம்பித்தான்.

மூன்று பேர் பிற்பாடு திரும்பி வந்து பட்டம் வாங்கியிருந்தார்கள். ஆறு பேர் இல்லையென்று ஒத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவன் ராஸ்கோ டில்லரி. மைதானத்தில் கெண்ட்ரலின் தோளோடு தோள் நின்று மோதியவன்; இப்போது மொபீல் நகரத்தில் லாரி விற்கிறான்.

"என்னடா ஸ்கூல் பையா! பொண்டாட்டி டிபன் கட்டிக் குடுத்து அனுப்புறாளா?" என்று போனில் சிரித்தான் ராஸ்கோ.

"கட்டித்தான் குடுக்குறா. நீ முடிச்சியா இல்லையா, அதைச் சொல்லு."

சிரிப்பு நின்றது. "ரெண்டு பாடம் பாக்கிடா. என் பொண்ணுங்ககிட்ட முடிச்சிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்படியே எழுதிக்கோ."

"பேரு எழுத மாட்டேன் மச்சான். ஆனா பொய்யும் எழுத மாட்டேன். பழைய ஆட்டக்காரங்களுக்கு ஃபீஸ் யுனிவர்சிட்டியே கட்டுது. வீட்ல இருந்தே படிக்கலாம், கேட்டுட்டேன்."

"உன்னை யாருடா கேக்கச் சொன்னது?" ராஸ்கோ போனை வைத்துவிட்டான்.

பதினொன்றில் மூன்று. கெண்ட்ரல் வகுப்பில் எழுந்து நின்று சொன்னான். ஒரு மாணவன் கையைத் தூக்கி, "பதினொண்ணுங்கறது ரொம்பக் கம்மியாச்சே?" என்றான்.

"கம்மிதான் தம்பி. ஆனா பதினொரு பேரையும் எனக்குத் தெரியும்."



இரண்டு வாரம் கழித்து ராஸ்கோவே கூப்பிட்டான்.

"பெரிய பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிட்டேன்டா. அழுவான்னு பயந்தேன். 'அப்ப என்கூட உக்காந்து ஹோம்வொர்க் பண்ணு'ன்னு நாற்காலிய இழுத்துப் போடுறா!"

பாக்கி இரண்டு பாடத்துக்கும் ராஸ்கோ சேர்ந்துவிட்டான். ஒரு பாடத்தில் தேறினான், கணிதத்தில் கவிழ்ந்தான். அதை ஒளிக்காமல் மகள்களிடம் சொல்லிவிட்டு, கணிதத்துக்கு மறுபடி பதிவு செய்தான்.

அடுத்த மே மாதம் கெண்ட்ரல் பட்டம் வாங்கினான். மேடையில் பெயர் கூப்பிட்டபோது லட்ரீஸுக்குக் கைதட்டக்கூட முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் சேர்த்து ராஸ்கோ தொண்டை கிழியக் கத்தினான்.

விழா முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் ராஸ்கோ பன்றி விலாக்கறி சுட்டான். எல்லோரும் தின்று முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள்ளிருந்து கணிதப் புத்தகத்தை எடுத்து வந்தான்.

"கவுனைக் கழட்டிட்டு வாடா பட்டதாரி. ஏழாவது கணக்கு புரியவே மாட்டேங்குது."

கெண்ட்ரல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைக் கேட்டான்.